குறை சொல்ல முடியாத பெட்டி

போன மாதம் எங்கள் கிட்டார்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பரத்வாஜ் என்று ஒரு பையன் கேட்டிருந்தான். "சார், நீங்க பத்து வருஷத்துக்கு மேல ஒரே மாடலர்தான் வெச்சிருக்கீங்களாமே. திருப்தியா இருக்கா? வாங்கலாமா?"

அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு பெட்டி வாங்கி அடுத்த ஆறு மாதத்தில் அதை விற்கிற கூட்டம். வாங்கின அன்றைக்கு ஆஹா ஓஹோ. மூன்றாம் மாதம் 'இதுல உயிர் இல்ல ப்ரோ'. உயிராம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு எரிச்சல் வந்தது, ஆனாலும் பையன் மரியாதையாகக் கேட்டிருந்ததால் பதில் எழுதினேன். 'பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. மேடையிலிருந்து விழுந்திருக்கு, ஒரு தடவை மேலே பாயசம் கொட்டியிருக்கு. ஒரு குறையும் இல்லை. தாராளமா வாங்கு.'

நாற்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் எழுதினதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சீதா வந்து, "ஏன்னா, சாதம் ஆறிண்டிருக்கு, யாரோட சண்டை?" என்று கேட்டாள். யாரோடும் இல்லை என்றேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் கிட்டாரின் குரலில் பாதிதான் கிட்டாரில் இருக்கிறது. மீதி, அதன் வயர் போய்ச் சேருகிற ஆம்ப்பில் இருக்கிறது. மாடலர் என்பது காலடியில் வைத்துக்கொள்கிற ஒரு பெட்டி. அதற்குள் ஆம்ப் கிடையாது, நூறு ஆம்ப்புகளைப் போலப் பேசத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு பொத்தானை மிதித்தால் ஒரு குரல், இன்னொன்றை மிதித்தால் இன்னொரு குரல். பிடித்த குரலை நாமே திருகித் திருகி உண்டாக்கி, பெயர் வைத்து, 'சேவ்' அழுத்தி வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம்.

நான் விஜயராகவன். மந்தைவெளியில் வீடு, நந்தனத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, சனி ஞாயிறுகளில் கனகராஜ் அண்ணனுடைய மெல்லிசைக் குழுவில் கிட்டார். அதே குழுவில் இன்னொரு கிட்டார் நாகராஜ். கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே ஆற்றோரத்தில் குடியிருந்தான். எனக்கு அது பொழுதுபோக்கு, அவனுக்கு அதுதான் சோறு. நோட்டு எழுதத் தெரியாது, ஒரு தடவை கேட்டால் போதும், பாட்டு கையில் வந்து நிற்கும். என்னை 'ஐயரே' என்றுதான் கூப்பிடுவான். "டேய், நான் ஐயங்கார்டா" என்று எத்தனை தடவை சொன்னாலும், "இன்னாவா இருந்தா இன்னா ஐயரே, தயிர் சாதம் ஒண்ணுதானே" என்பான்.

அவனுடைய ஆம்ப், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரேடியோ மெக்கானிக் பழைய வால்வுகளை வைத்துக் கட்டிக்கொடுத்தது. இருபத்தைந்து கிலோ கனம். கறுப்பு ரெக்ஸின் ஒட்டியிருக்கும். அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தான். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவான். அதன் குரலும் எருமைதான். கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி கரகரக்கும், அழுத்தி அடித்தால் கத்தும், கையை எடுத்த பிறகும் அடியில் ஒரு முனகல் நிற்கும். அந்த முனகலுக்காகவே, பாட்டின் நடுவில் அவன் தனியாக வாசிக்கிற பிட்டுக்குக் கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

இரண்டாயிரத்துப் பதினைந்து தை மாதம் அவனுக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் யோசனை சொன்னேன். என் பெட்டியில் இரண்டு கிட்டார் சொருகலாம். எருமையின் குரலைப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டால் அவன் கிட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் போதும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், பெருமாள் சாட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எருமையை எங்கள் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆம்ப்பில் ஒரு அடி, பெட்டியில் ஒரு அடி. நாகராஜ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தான். "மூக்கால பேசுது ஐயரே." திருகினேன். "இப்ப தொண்டைக்கு வந்துச்சு. இன்னும் கொஞ்சம் அழுக்கு போடு. ரொம்ப குளிச்சிட்டு வந்த மாதிரி கீது." ஒன்றைத் திருகினால் ஒன்பது மாறியது. மூன்று மணி நேரம் ஆயிற்று. தன் கைவித்தை அத்தனையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தான். கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான், நான் மாற்றி மாற்றி வாசித்தேன். எது ஆம்ப், எது பெட்டி என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. "மெர்சல் ஐயரே! எருமைய வூட்டுக்குள்ள கட்டிட்டியே!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தான். அந்தக் குரலுக்கு 'எருமை' என்றே பெயர் கொடுத்து சேவ் அழுத்தினேன்.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரே பெட்டியில் இரண்டு வயர். பங்குனியில் தி.நகரில் ஒரு ரிசப்ஷனுக்கு நாகராஜ் காய்ச்சல் என்று வரவில்லை. நான் காலை மாற்றி மாற்றி மிதித்து இரண்டு பேர் பிட்டையும் வாசித்தேன். முடிந்ததும் கனகராஜ் அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ராகவா, நாகு வரலங்கிறதே எனக்கு மறந்து போச்சுய்யா. ரெண்டு கிட்டாரும் கேட்டுச்சே!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் அவர் சொன்னார்: "அவன் சவுண்டுதான் பெட்டிக்குள்ள இருக்கே. இனிமே அவனுக்கு வேற எதுக்குத் தேதி சொல்லணும்?"

'அண்ணே, அவனுக்கு இதுதான் பொழப்பு' என்று நான் சொல்லியிருக்கலாம். 'அந்தச் சவுண்டு அவன் கொடுத்தது' என்று சொல்லியிருக்கலாம். நான் இல்லாவிட்டால் குழு நடக்காது, அண்ணனுக்கு அது தெரியும், நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். "பார்த்துக்கலாம்ணே" என்றேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன்.

மெல்லிசைக் குழுவில் யாரையும் 'நீ வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற வழக்கம் இல்லை. தேதி சொல்லி போன் வரும். வராவிட்டால் அவனே புரிந்துகொள்ள வேண்டும். நாகராஜுக்கு வைகாசி பாதி வரை புரியவில்லை. எனக்கு போன் பண்ணினான். "இன்னா ஐயரே, ஒரு தேதியும் வரல? சீசன் டல்லா?"

"ஆமாண்டா," என்றேன். "இந்தத் தடவை ரொம்ப டல்."

வைகாசியில்! ஊரில் ஒரு மண்டபம் காலியில்லாத மாதத்தில்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாக மறைப்பான். "சரி ஐயரே, வெச்சிடுறேன்" என்றான். அதற்கப்புறம் அவன் எனக்கு போன் பண்ணவே இல்லை.

அந்த டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தது. நாலு நாள் கழித்துக் கோட்டூர்புரம் பாலம் வரை போனேன். அவன் வீடு இருந்த வரிசையே இல்லை. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அப்புறம் பெரும்பாக்கத்து அரசாங்கக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பெரும்பாக்கம் என்ன காசி ராமேஸ்வரமா? ஒரு மணி நேரத்தில் போயிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று போகவில்லை. எருமை தண்ணீரில் மூழ்கிவிட்டது என்று மட்டும் குழுவில் யாரோ சொன்னார்கள். "ஆம்ப் போனா என்ன, அவன் சவுண்டு நம்மாத்துல பத்திரமா இருக்கு" என்று சீதாவிடம் சொன்னேன். ஏதோ அவன் சொத்தைக் கட்டிக் காப்பாற்றுகிறவன் மாதிரி. இப்படியே பத்து வருஷம் போயிற்று.

இந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. திறந்தால் நாகராஜ். பக்கத்தில் அவன் மனைவி வேலம்மா, கையில் தட்டு, தட்டில் பத்திரிகை. ஆள் பாதியாகியிருந்தான். சர்க்கரை. சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டியாக உட்காருகிறானாம்.

"இன்னா ஐயரே, பேய பாத்த மாதிரி கீற? நம்ம பொண்ணு நிலாவுக்குக் கல்யாணம்பா. மொதநாள் சாயங்காலம் ரிசப்ஷன், நம்ம கோட்டூர்புரத்துலயே சமுதாயக் கூடம் புடிச்சிருக்கோம்."

சீதா காபி கொண்டுவந்தாள். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தபடி கேட்டான். "ஒரு பாட்டு வாசிக்கணும் ஐயரே. ஒண்ணே ஒண்ணு. கிட்டார் பரண் மேல இருந்துச்சு, தப்பிச்சிகிச்சு. எருமைதான் பூட்ச்சு. நீ... அந்த சவுண்ட இன்னும் வெச்சினுகிறியா?"

"வெச்சிருக்கேன்டா. பத்திரமா இருக்கு."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலம்மாதான் விவரம் சொன்னாள். "அதுக்கு மூணு வயசுல இருந்து இவுரு சவுண்டுதாண்ணா தாலாட்டு. மண்டபத்துக்கு வந்தா வெளிய சமையக்கட்டாண்ட நின்னுக்கினே சொல்லும், இப்ப எங்கப்பா, இப்ப அந்த ஐயரு மாமான்னு. ஒரு தபா தப்பா சொன்னதில்ல. இப்ப கல்யாணத்துக்கு இன்னா வோணும்னு கேட்டா, நகை வோணாம், அப்பா வாசிக்கணும்னு சொல்லுது."

"இன்னா பாட்டுன்னு சொல்லல," என்றான் நாகராஜ். "எப்ப வாசிப்பேன்னும் சொல்லல. எல்லாக் குரூப்பும் வாசிக்கிற பழைய பாட்டா ஒண்ண எடுத்துக்கலாம். சவுண்ட வெச்சே கண்டுபுடிக்கட்டும். அவ பாக்கக் கூடாது ஐயரே, கேக்கணும்."

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒத்திகைக்கு வந்தான். நான் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தேன். எருமை என்று திரையில் தெரிந்ததும் அதைக் கையால் தடவிப் பார்த்துச் சிரித்தான். வயரைச் சொருகினான். ஒரு அடி அடித்தான். நிறுத்தினான். இன்னொரு அடி.

"இது யாரு?" என்றான்.

"உன்னோடதுதாண்டா."

"இல்ல ஐயரே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து வருஷத்தில் நான் அதைச் சும்மா விட்டேனா? முதல் வருஷமே, கரகரப்பு பாடகியின் குரலை மூடுகிறது என்று அண்ணன் சொன்னார். கொஞ்சம் குறைத்தேன், சேவ். ஒரு மண்டபத்தில் அந்த முனகல் எதிரொலித்தது. வெட்டினேன், சேவ். பாலவாக்கத்தில் திறந்த வெளிக் கச்சேரி, அடிக்குரல் தடிமனாக இருந்தது. இளைக்க வைத்தேன், சேவ். ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அளவுதான். அதே இடத்தில், அதே பெயரில். ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று இந்த மடையனுக்குத் தோன்றவில்லை. நன்றாக இருக்கிறது, இன்னும் நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டே அவன் குரலை அழித்திருக்கிறேன்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "சரி, திருகு. மறுபடி கொண்டாந்துடலாம்" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். நான் திருகினேன். முன்பு பக்கத்தில் வைத்துப் பார்க்க எருமை இருந்தது. இப்போது எதை வைத்துப் பார்ப்பது? "இல்ல... கொஞ்சம்... இல்ல, போயிடுச்சு. முன்ன வெச்சது கிட்ட வந்துச்சு." முன்பு வைத்தது என்னவென்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கிட்டாரை மடியில் படுக்க வைத்துவிட்டான். "காதுல கீது ஐயரே. சொல்ல வரல. பாதி வந்துச்சு, அது போதும்."

என்னால் தாங்க முடியவில்லை. "நாகு, அன்னிக்கி சீசன் டல்லுன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்டா."

"தெரியும்."

"அண்ணன் உன்னை வேண்டாம்னப்போ நான் வாயத் தொறக்கல."

"அதுவும் தெரியும். ரெண்டு வருசம் ஒன் மேல காண்டுல இருந்தேன். வேலம்மாவ கேளு, உன்ன திட்டாத திட்டு இல்ல." சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். "அப்புறம் தண்ணி வந்து எல்லாம் பூட்ச்சா. கேட்ல ராவும் பகலும் ஒக்காந்துக்கினு இன்னாத்த நெனைக்கிறது? இன்னிக்கி சனிக்கெழம, ஐயரு எதனா மண்டபத்துல கீறான், நம்ம எருமை அங்க கத்திக்கினு கீதுன்னு நெனச்சுப்பேன். நம்ம போனா இன்னா, சவுண்டு போவலயேன்னு. அந்த நெனப்புலதான் ஐயரே கோவம் போச்சு."

நான் பாவி அழுதேன். அவன்தான் என் தோளைத் தட்டினான். "வுடு. வாசிக்கிறது என் கைதானே? கைய தெரியாதா அவளுக்கு?" என்றான். இருவரும் அதைப் பிடித்துக்கொண்டோம். பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

ரிசப்ஷன் அன்று கீபோர்டுக்கும் தாளத்துக்கான ரிதம் பேடுக்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நாகராஜ் சொன்னபடியே மேடைக்குப் பக்கவாட்டில், பூ வளைவுக்குப் பின்னால், மணமக்கள் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்தோம். நிலா பச்சைப் பட்டில் இருந்தாள். முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது, வரிசையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரோடு பேசினாலும் தலை கொஞ்சம் எங்கள் பக்கம் சாய்ந்தே இருந்தது. நான் நாலு பாட்டு வாசித்தேன். ஐந்தாவது பாட்டுக்கு நாகராஜ் பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் பொத்தானை மிதித்துக்கொடுத்தேன்.

பத்து வருஷம் தொடாத கை. ஆரம்பத்தில் ஒரு இடத்தில் தடுக்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டான். நடுவில் அந்த பிட் வந்தபோது, ஐயோ, என்ன வாசிப்பு! விரல் நுனியில் தோல் கிழிந்திருந்தது, விடாமல் வாசித்தான். பெட்டியும் அதன் வேலையைச் செய்தது. சுத்தமாக, இனிமையாக, ஒரு பிசிறு இல்லாமல். எல்லா மண்டபத்திலும் கேட்கிற மாதிரி கேட்டது. நான் நிலாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்சம் கேட்டாள். பிறகு வரிசையில் அடுத்து நின்ற அம்மாளிடம் திரும்பி, கையைப் பிடித்துச் சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். நாகராஜ் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். போட்டோவுக்குப் பெண் வீட்டாரைக் கூப்பிட்டார்கள். அவன் என்னையும் இழுத்துக்கொண்டு மேடை ஏறினான்.

நிலா என்னைப் பார்த்ததும் காலைத் தொட்டாள். "சூப்பரா வாசிச்சீங்க மாமா." உடனே அப்பாவிடம் திரும்பினாள். "நீ எப்பப்பா வாசிக்கப் போற? எவ்ளோ நேரமா காத கொடுத்துக்கினே நிக்கிறேன்."

நான் வாயைத் திறந்தேன். நாகராஜ் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

"கை ஒத்துக்கலம்மா," என்றான். "விரல்லாம் மரத்துப் பூட்ச்சு. மாமாவையே வாசிக்கச் சொல்லிட்டேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. புதுப்பெண், பாவம், சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க பொட்டிலதான் அப்பா சவுண்டு இருக்குன்னு தெனமும் சொல்வாரே மாமா. நீங்களாவது அதுல ஒரு பாட்டு வாசிச்சிருக்கக் கூடாதா?"

போட்டோக்காரர் எங்களை இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். நாகராஜ் என் கையை விடவில்லை.